ஏழைகளில் பாதிப்பேர் உண்மையிலேயே மேலே வந்துவிட்டார்களா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். எம்.ஏ. ஆய்வுக்காகச் சேரன்மகாதேவிப் பக்கம் உங்கள் ஊரில் 120 வீடுகளில் வருமானக் கணக்கு எடுத்திருக்கிறீர்கள். அதே வீடுகளில் 2024 தொடக்கத்தில் உங்கள் சீனியர் ஒருவர் எடுத்த கணக்கும் கையில் இருக்கிறது. உங்கள் கணக்கில் ஜினி (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; எல்லாருக்கும் சமம் என்றால் பூஜ்ஜியம், எல்லாம் ஒருவரிடமே என்றால் ஒன்று) 0.5ஐத் தாண்டுகிறது, கிராமப்புற இந்தியாவுக்கு அரசு வெளியிட்டதோ 0.237. அப்புறம், அன்று அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கில் இருந்த வீடுகளில் பாதி இன்று அந்த மட்டத்தில் இல்லை. "என் கணக்குத் தப்பா, அரசுக் கணக்குத் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜினி பற்றியதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: இரண்டும் தப்பில்லை, இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. அந்தப் "பாதி" அப்படியல்ல. அதை வழிகாட்டியிடம் கொண்டுபோவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் பொருளாதாரம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் வீடுவீடாகக் கணக்கெடுக்கும் வேலை. முதலில் படிவம் நிரப்புபவனாக, பிறகு பிறர் நிரப்பியதைச் சரிபார்ப்பவனாக. உங்கள் படிவங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் ஊரைப் பற்றி நான் சொல்வது ஊகம். அளவைகளைப் பற்றிச் சொல்வது ஊகமல்ல.

அந்த 0.237, 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் வந்தது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: செலவு. வீட்டுக்கு என்ன வருகிறது என்று அவர்கள் கணக்கிடவில்லை. என்ன வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். வருமானம் ஏறி இறங்கும். சாப்பாடு அவ்வளவு ஏறி இறங்காது. கையில் காசில்லாத மாதம் கடையில் பற்று எழுதியாவது அரிசி வாங்குவோம். பணம் வந்த மாதம் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை, சீட்டுக் கட்டுவோம், நகையைத் திருப்புவோம். வசதி கூடக்கூடச் சேமிப்பின் பங்கும் கூடும். அதனால் செலவுக் கணக்கில் ஏற்றத்தாழ்வு வழக்கமாகக் குறைந்தே தெரியும். மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் டில்லியின் என்.சி.ஏ.இ.ஆர். பொருளாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2004-05இல் 41,500க்கு மேற்பட்ட வீடுகளில் இரண்டையும் கேட்டன. அதே வீடுகள்தான், வருமான ஜினி ஏறத்தாழ 0.52, செலவு ஜினி ஏறத்தாழ 0.38. ஆகவே உங்கள் 0.5 ஒன்றும் அதிசயமில்லை. உங்களுடையதை அந்த 0.52க்குப் பக்கத்தில் வையுங்கள், 0.237க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அரசுக் கணக்குக்குள்ளேயே ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். கிராமப்புறச் செலவு ஜினி 2011-12இல் 0.283, 2022-23இல் 0.266, அடுத்த வருடமே 0.237. இடையில் 2017-18இல் எடுத்த கணக்கைத் தரம் சரியில்லை என்று அரசே வெளியிடாமல் விட்டது. 2022-23இலிருந்து ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்கும் முறை வந்தது. கேட்கும் முறை மாறினால் விடையும் மாறும். 1999-2000இல் ஏழு நாள் நினைவையும் முப்பது நாள் நினைவையும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்துக் கேட்டதால் அந்தச் சுற்றின் வறுமைக் கணக்கை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல் போய், பெரிய சண்டையே நடந்தது. இந்த இறக்கத்தில் எவ்வளவு ஊரில் நடந்தது, எவ்வளவு படிவத்தில் நடந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே வருடத்தில் 0.266 என்பது 0.237 ஆனதை மட்டும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அரசு ஏன் வருமானத்தைக் கேட்பதில்லை என்று நினைக்கலாம். கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1960களில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சில சுற்றுகளில் சோதனையாக வருமானத்தைக் கேட்டபோது, மக்கள் சொன்ன வருமானம் அவர்கள் செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக வந்தது. கைவிட்டார்கள். நாடு முழுவதும் வருமானக் கணக்கெடுப்பு 2026இல் என்று 2025இல்தான் அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய அமைப்பே தயங்கிய வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நீங்கள் செய்திருக்கிறீர்கள். பாராட்டாகவும் வைத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையாகவும்.

நம் பக்கத்தில் வருமானம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நிறுவனத்தின் படிவத்தில் "முதன்மைத் தொழில்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. வீட்டுப் பெண்களிடம் "என்ன வேலை பார்க்கீங்க?" என்று கேட்பேன். "வேலைக்கெல்லாம் போகல அண்ணாச்சி, சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டு அடுத்த வீடு. நாற்பது வீடு முடிந்த பிறகுதான், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா மடியில் முறத்தை வைத்து விரல் நிற்காமல் பீடி சுற்றிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அதுவரை என் கண்ணிலும் அது "சும்மா"தான். நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போனேன். பீடிக்கென்று தனியாகக் கேட்கவேண்டும்: வாரம் எத்தனை ஆயிரம், கழிவு போக எவ்வளவு, கொடுத்த இலை பற்றாமல் வெளியில் வாங்கிய இலைக்கு எவ்வளவு, பி.எஃப். பிடித்தமா, பாஸ் புத்தகம் யார் பெயரில், மகள் சுற்றியது அம்மா கணக்கில் சேர்கிறதா. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் இந்த ஒரு கேள்வியை விட்டால் வீட்டு வருமானத்தில் ஒரு நிலையான வாரக்கூலி காணாமல் போகும். பத்தமடைப் பாய் நெசவும் அப்படித்தான்.

வயல் வருமானம் இன்னும் மோசம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ (போகம்). மாசி பங்குனியில் பிசானம் அறுத்த கையோடு கேட்டால் ஒரு விடை, ஆடியில் கார் நட்டு உரத்துக்குக் கடன் வாங்கியிருக்கும்போது கேட்டால் வேறு விடை. வாழை போட்டவருக்குப் பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் காசு. குலை தள்ளும் நேரத்தில் ஒரு காற்று அடித்தால் அதுவும் இல்லை. சில வீடுகளில் செலவு வரவைத் தாண்டி வருமானம் மைனஸில் வரும். அதைத் தப்பென்று அழித்துவிடாதீர்கள், அது உண்மையான வருடம். மைனஸ் எண்கள் நிறைய இருந்தால் ஜினி வழக்கமான பூஜ்ஜியம்-ஒன்று எல்லைக்குள் நிற்காது என்பதை மட்டும் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நெல், குத்தகைக்கு அளந்த நெல், அறுப்புக் கூலியாக வாங்கிய நெல் மூன்றையும் விலை போட்டீர்களா? வளைகுடாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ மகன் அனுப்பும் பணம் எந்தக் கட்டத்தில் போயிற்று? ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு வீடு என்ற வரையறையில் அந்த மகன் உறுப்பினர் இல்லை. அவன் பணம் மட்டும் வருமானம். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, விலையில்லா ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை இவற்றை இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி சேர்த்தீர்களா, அல்லது ஒன்றில் சேர்த்து ஒன்றில் விட்டீர்களா? எப்படிச் சேர்த்தாலும் வாதாடலாம். ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டால் வாதாட முடியாது.

மேல்தட்டுப் பக்கம் வேறு ஓட்டை. பெரிய வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று "வீட்டுல ஆள் இல்ல" என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். பணக்கார வீடுகள் தப்பிவிடுவதால் எல்லா வீட்டுக் கணக்கெடுப்புமே ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். உங்கள் 0.5ம் சேர்த்து.

ஜினியை நம்பி ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்குத் தெருவில் ஐந்து வீடு, மாத வருமானம் ஆயிரத்தில்: 6, 9, 12, 18, 55. தெற்குத் தெருவில் ஐந்து வீடு: 2, 12, 14, 21, 51. இரண்டு தெருவுக்கும் மொத்தம் 100, சராசரி 20. வீடுகளை ஜோடி ஜோடியாக எடுத்து வித்தியாசங்களைக் கூட்டினால் இரண்டிலும் 214. அதை வீட்டு எண்ணிக்கையின் வர்க்கம் 25, சராசரி 20 இரண்டாலும் வகுத்தால் ஜினி இரண்டுக்கும் 0.428. ஒரே எண். ஆனால் தெற்குத் தெருவில் ஒரு வீடு இரண்டாயிரத்தில் கிடக்கிறது. வறுமைக் கோட்டைப் பத்தாயிரம் என்று வையுங்கள். வடக்கில் ஏழை வீடு இரண்டு, தெற்கில் ஒன்று. தலை எண்ணினால் வடக்குத்தான் மோசம். கோட்டுக்குக் கீழே எவ்வளவு பள்ளம் என்று அளந்தால் வடக்கில் 4ம் 1ம் சேர்ந்து 5, தெற்கில் 8. இப்போது தெற்குத்தான் மோசம். பள்ளத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 17க்கு 64. ஃபாஸ்டர், கிரீர், தார்பெக் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 1984இல் கொடுத்த அளவை இந்த மூன்றையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவருகிறது. தலைக்கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரி கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவரைத் தூக்கிவிட்டுக் கணக்குக் காட்டிவிடலாம், இரண்டாயிரம் வீடு அப்படியே கிடக்கும். ஜினியோடு பள்ளத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

எந்த வறுமைக் கோடு என்பதும் கேள்விதான். அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் கிராமப்புறத் தமிழ்நாட்டுக்குத் தலைக்கு மாதம் 880 ரூபாய், நகரத்துக்கு 937. அதன்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 11.28 சதவீதம். 2014இல் ரங்கராஜன் குழு கோட்டை உயர்த்தியதும் அகில இந்திய விகிதம் 21.9இலிருந்து 29.5 ஆயிற்று, ஒரு மனிதரின் வாழ்க்கையும் மாறாமலே. அதற்குப் பிறகு அதிகாரபூர்வமாகப் புதுக்கோடு எதுவும் வரவில்லை. பழைய கோட்டை விலைவாசிக் குறியீட்டால் பெருக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், அது செலவுக்காக வரைந்த கோடு. அதில் வருமானத்தை வைத்து அளந்தால், அந்த வருடம் வாழை சாய்ந்த பண்ணையாரும் ஏழையாகிவிடுவார். தலைக்கு வகுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. நான்கு பேர் வீட்டில் 20,000, தனியாக இருக்கும் ஆச்சிக்கு 6,000 என்றால், தலைக்கணக்கில் 5,000க்கு 6,000, ஆச்சி மேல். ஆளெண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10,000க்கு 6,000, குடும்பம் மேல். ஆச்சிக்கும் தனி வாடகை, தனி கேஸ் சிலிண்டர் என்பதால் இரண்டாவது எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் வழிகாட்டி முதலாவதைக் கேட்கலாம். இரண்டையும் போட்டு, ஏழைகள் யார் என்பது எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

இனி அந்தப் பாதி. 2024 தொடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் வடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். பிசானப் பயிர் தண்ணீரில் நின்ற நேரம்; கடைகளில் சரக்கு நனைந்த நேரம்; பீடிக்கு இலையும் தூளும் வாரக்கணக்கில் சரியாக வந்திருக்காது. அந்த வருடம் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் விழுந்தவர்களில் ஒரு பகுதியினர் நிரந்தர ஏழைகள், இன்னொரு பகுதியினர் ஆற்றோரம் வயல் வைத்திருந்தவர்கள். இரண்டாமவர்கள் அடுத்த வெள்ளாமையிலேயே பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். அதை ஏற்றம் என்று சொல்லக்கூடாது. வெள்ள நிவாரணப் பணத்தைச் சீனியர் வருமானத்தில் சேர்த்தாரா என்றும் கேளுங்கள்.

வெள்ளமே இல்லாவிட்டாலும் பிரச்சினை போகாது. 120இல் ஐந்தில் ஒரு பங்கு 24 வீடு. அதில் பாதி என்றால் 12. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் 50 சதவீதம் என்பது 30இலிருந்து 70 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதோடு பதிலின் பிசிறை, அதாவது சொன்ன பதில் உண்மையிலிருந்து விலகும் அளவை, சேருங்கள். இரண்டு சுற்றுக்கு இடையில் ஒரு வீட்டின் உண்மை வருமானமும் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் படிவத்தில் வீட்டுக்கு வீடு தெரியும் வேறுபாட்டில் 70 சதவீதம் உண்மை, 30 சதவீதம் மறதி, ஊகம், கேட்ட மாதம், கேட்டவர் முகம். பிசிறு சுற்றுக்குச் சுற்று தொடர்பில்லாதது, எல்லாம் மணிவடிவப் பரவல் (நடுவில் நிறையப் பேர், ஓரங்களில் சிலர்) என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், முதல் சுற்றில் அடிமட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இரண்டாவது சுற்றில் அந்த மட்டத்தில் இருக்கமாட்டார்கள். யாரும் எங்கும் நகராமலே 44. நீங்கள் கண்டது 50. உங்கள் பிசிறு 30 சதவீதம்தான் என்று நான் சொல்லவில்லை. கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அந்தப் பாதியில் பெரும்பகுதி வெறும் பதில் ஆட்டமாக இருக்க முடியும் என்பது கணக்கு.

இதற்கு நேர் எதிரான ஓட்டையும் உண்டு. இரண்டாவது சுற்றில் பூட்டியிருந்த வீடுகள் எத்தனை? 120ம் கிடைத்தது என்றால், சீனியர் தொடங்கியது 120ஆ, 150ஆ? திருப்பூருக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு போனவர்கள்தான் பெரும்பாலும் அதிகம் நகர்ந்தவர்கள், மேலேயோ கீழேயோ. அவர்கள் போய்விட்ட கணக்கில் ஊர் உண்மையைவிட அசையாமல் தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து தனி உலை வைத்த வீடுகளை எதோடு இணைத்தீர்கள் என்பதும் முக்கியம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் "இந்தியப் பொருளாதாரம்" என்ற துறைக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு சில ஊர்களைக் கணக்கெடுத்தார். அதில் ஒன்று திருநெல்வேலிக்குப் பக்கத்திலுள்ள கங்கைகொண்டான். 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி எடுத்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் எடுத்தது. இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, தொழில் எப்படி மாறியது என்று ஓர் ஊரின் நூறு வருடத்தை அதிலிருந்து பேசலாம். ஆனால் அது ஊரைத் தொடர்ந்த கணக்கு, வீட்டைத் தொடர்ந்த கணக்கல்ல. 1916இன் கூலிக்காரர் பேரன் எங்கே போனான் என்று அதனிடம் கேட்க முடியாது. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூரில் 1957-58இலிருந்து பல சுற்றுகளாக ஊர் முழுக்கக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே கற்ற பாடங்களில் ஒன்று, ஒரே ஒரு வருட வருமானத்தை வைத்து யார் ஏழை என்று முடிவு செய்யாதே என்பது. நல்ல விளைச்சல் வருடமா, கெட்ட வருடமா என்பதே வரிசையைக் கலைத்துப் போட்டுவிடும். அதனால் ஊரோடு பழகி, பார்த்தவுடன் தெரியும் வசதியையும் தனியாகக் குறித்துக்கொண்டார்கள். மாவட்ட அளவு ஒப்பீட்டுக்கு ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. பழைய அட்டவணையின் திருநெல்வேலியும் இன்றைய திருநெல்வேலியும் ஒன்றல்ல.

சரி, இருக்கிற 120 வீட்டை வைத்து என்ன செய்யலாம்? ஐந்தாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். ஓட்டு வீடா காங்கிரீட்டா, எத்தனை மரக்கால் விதைப்பாடு (நில அளவு), எத்தனை மாடு, பைக் உண்டா, கடன் எவ்வளவு என்று சீனியர் படிவத்தில் இருந்தால், அந்த வரிசையில் யார் நகர்ந்தார்கள் என்று தனியாகப் பாருங்கள். வருமானத்திலும் ஏறி, இந்த வரிசையிலும் ஏறிய வீடுகளை மட்டும் "ஏறியவை" என்று எழுதினால் உங்களை யாரும் எளிதில் அசைக்க முடியாது. என் ஊகம், அது 12 வீடாக இருக்காது. நாலைந்து வீடாக இருக்கலாம். அந்த நாலைந்தில் ஒவ்வொன்றிலும் எது தூக்கிவிட்டது, வளைகுடா வேலையா, மகளின் நர்சிங் படிப்பா, கடையா என்று கேட்டு எழுதுங்கள். ஆய்வின் நல்ல அத்தியாயம் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு வேலை, இந்த வாரமே செய்யலாம். 120இல் சீட்டுக் குலுக்கி இருபது வீட்டை எடுங்கள். நீங்கள் போகாமல், உங்கள் தோழி யாரையாவது அதே படிவத்தோடு அனுப்புங்கள். நீங்கள் கேட்ட அதே காலத்தையே அவரும் கேட்கட்டும். முடிந்தால் முன்பு ஆணிடம் கேட்ட வீட்டில் இந்தமுறை பெண்ணிடம் கேட்கட்டும். பத்து நாளில் யாருடைய பழைய வருமானமும் மாறியிருக்காது. ஆகவே இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கப் பிசிறு. அந்த இருபது ஜோடிக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு பதிலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; முழுக்க ஒத்துப்போனால் 1) எவ்வளவு வருகிறது என்று போட்டு இங்கே எழுதுங்கள். மேலே சொன்ன 70 சதவீத உண்மை என்பது இந்த அளவில் 0.7. 0.9 வந்தால் உங்கள் பாதியைப் பற்றி மறுபடி பேசலாம். 0.7க்குக் கீழே வந்தால் அந்த அட்டவணையையே எடுத்துவிடுவது நல்லது.